வாசகர் கேள்விகள், வாத்தியார் பதில்கள்: அஞ்சு தடவை படிச்சும் ஏன் வர மாட்டேங்குது?

கேள்வி: உயிரியல் பாடத்தை நாலு முறை, ஐந்து முறை வாசிக்கிறேன். முக்கியமான வரிகளுக்கு ஹைலைட்டர் போடுகிறேன். வீட்டில் எல்லாம் தெரிகிறது. பரீட்சை ஹாலில் கேள்வித்தாளைப் பார்த்ததும் ஒன்றுமே வருவதில்லை. எனக்கு ஞாபக சக்தி குறைவா சார்?
(பிளஸ் டூ மாணவி, திருவண்ணாமலை)

பதில்: உன் ஞாபக சக்திக்கு ஒன்றும் ஆகவில்லை, பயப்படாதே. ஹாலில் உன்னைச் செய்யச் சொல்வது புத்தகம் இல்லாமல் தலைக்குள்ளிருந்து எடுத்து எழுதுவதை. வீட்டில் நீ அதை ஒரு தடவைகூடச் செய்து பார்க்கவில்லை, வாசித்துக்கொண்டே இருந்திருக்கிறாய். ஐந்தாவது தடவை வாசிக்கும்போது வரிகள் தாமாகவே ஓடும், அடுத்த பக்கத்தில் எந்தப் படம் எந்த மூலையில் இருக்கிறது என்பதுகூட முன்கூட்டியே தெரியும், அந்தப் பரிச்சயத்தைத்தான் மனசு "எனக்குத் தெரியும்" என்று கணக்கு எழுதிக்கொள்கிறது.

இதை வைத்து ஒரு நல்ல சோதனை நடந்திருக்கிறது. அமெரிக்காவில் செயின்ட் லூயிஸ் நகரத்தில் உள்ள வாஷிங்டன் பல்கலைக்கழகத்தில் ஹென்றி ரோடிகரும் ஜெஃப்ரி கார்பிக்கியும் 2006-ல் வெளியிட்டது. கல்லூரி மாணவர்களுக்கு ஒரு கட்டுரையைக் கொடுத்தார்கள். ஒரு குழுவுக்கு நான்கு வேளையும் வாசிப்பு மட்டும். இன்னொரு குழுவுக்கு ஒரு வேளை வாசிப்பு, மீதி மூன்று வேளையும் கட்டுரையைப் பார்க்காமல் நினைவில் இருப்பதை எழுத வேண்டும். ஐந்து நிமிடம் கழித்துச் சோதித்தபோது வாசித்துக்கொண்டே இருந்தவர்கள்தான் முந்தினார்கள், 83 சதவீதத்துக்கு 71. ஒரு வாரம் கழித்து? வாசித்தவர்களுக்கு 40 சதவீதம் மிச்சம், எழுதிப் பார்த்தவர்களுக்கு 61. எனக்கு இதில் ரொம்பப் பிடித்த விஷயம் வேறு. "ஒரு வாரம் கழித்து எவ்வளவு ஞாபகம் இருக்கும் என்று நினைக்கிறீர்கள்?" என்று முன்கூட்டியே கேட்டிருக்கிறார்கள். அதிக நம்பிக்கையோடு பதில் சொன்னது அந்த வாசிப்புக் குழுதான். அதாவது, கடைசியில் குறைவாக நினைவு வைத்திருந்தவர்கள்.

அதனால் இப்படிச் செய். டி.என்.ஏ இரட்டிப்பாதல் என்றால் ஒரு தடவை கவனமாக வாசி, புத்தகத்தை மூடு, ரஃப் நோட்டில் படத்தோடு எழுது. பாதிதான் வரும், எரிச்சலாக இருக்கும், உனக்கு ஒன்றுமே தெரியாது என்று தோன்றும். தோன்றட்டும். அப்புறம் புத்தகத்தைத் திறந்து விட்டதைச் சிவப்பு மையில் எழுதிச் சேர். மறுநாள் அதையே மறுபடி, புத்தகம் பார்க்காமல். மூன்று நாள் கழித்து இன்னொரு முறை. ஒரே ராத்திரியில் மொத்தமாக உட்காராதே. ஜெர்மனியில் எபிங்ஹாஸ் என்பவர் அர்த்தமே இல்லாத அசைகளைத் தானே மனப்பாடம் செய்து பார்த்து 1885-ல் ஒரு புத்தகம் எழுதினார். தொடர்ச்சியாக 68 தடவை சொல்லிப் பார்த்ததால் கிடைத்த பலன், மூன்று நாளில் பிரித்துப் போட்டுச் சொன்னபோது 38 தடவையிலேயே கிடைத்தது என்று அதில் இருக்கிறது. கிட்டத்தட்ட பாதி உழைப்பு மிச்சம். ஹைலைட்டரைத் தம்பிக்குக் கொடுத்துவிடு.

கேள்வி: விடியற்காலையில் எழுந்து படிப்பது நல்லதா, இரவில் விழித்துப் படிப்பதா?
(வாசகர், அரியலூர்)

பதில்: எந்த நேரத்தில் தூங்கி விழாமல் இருக்கிறீர்களோ அந்த நேரம். தூக்கத்தைக் குறைத்து மட்டும் படிக்க வேண்டாம், படித்தது மனதில் நிலைப்பதற்குத் தூக்கம் வேண்டும்.

கேள்வி: மகன் மூன்றாம் வகுப்பு. ஒரு பயிற்சி மையத்தில் பத்து விரல் ரேகையையும் ஸ்கேன் செய்து, "இவன் பார்த்துக் கற்கும் வகை, வலது மூளை ஆதிக்கம், மென்மையான மனசு, ஆனால் பிடிவாதம் உண்டு" என்று பெரிய ரிப்போர்ட் கொடுத்தார்கள். பல ஆயிரம் ரூபாய் ஆனது. பாதிக்கு மேல் அப்படியே பொருந்துகிறது. இதை வைத்துப் பள்ளியை மாற்றலாமா?
(ஒரு தாய், கோயம்புத்தூர்)

பதில்: மாற்ற வேண்டாம் அம்மா. விரல் ரேகை கருவில் இருக்கும்போதே, ஆறு மாதத்துக்குள் அமைந்துவிடுகிறது, அப்புறம் ஆயுள் முழுக்க அதே கோடுதான். மூளையோ பையன் புதிதாக ஒன்றைக் கற்கும் ஒவ்வொரு தடவையும் மாறுகிறது. அந்தக் கோட்டைப் பார்த்து இவனுக்கு வாய்ப்பாட்டை எப்படிச் சொல்லிக்கொடுப்பது என்று கண்டுபிடிக்க முடியும் என்பதற்கு அறிவியல் ஆதாரம் கிடையாது.

"பார்த்துக் கற்பவர், கேட்டுக் கற்பவர், செய்து கற்பவர்" என்ற பிரிவினையை ஆசிரியர் பயிற்சிகளிலேயே சொல்லித்தருகிறார்கள், அதனால் அந்த மையத்தை மட்டும் குறை சொல்லிப் பயனில்லை. ஹரோல்ட் பாஷ்லர் உட்பட நான்கு உளவியலாளர்கள் 2008-ல் இதை உட்கார்ந்து அலசினார்கள். அவர்கள் முதலில் கேட்ட கேள்வி, இது உண்மை என்றால் நமக்கு என்ன தெரிய வேண்டும் என்பது. பிள்ளைகளை வகை பிரித்து, ஒவ்வொரு வகையிலும் பாதிப் பேருக்குப் படமாகவும் பாதிப் பேருக்குப் பேச்சாகவும் ஒரே பாடத்தை நடத்தி, எல்லாருக்கும் ஒரே தேர்வு வைக்க வேண்டும். "பார்த்துக் கற்பவர்" படத்தில் நன்றாகச் செய்து, "கேட்டுக் கற்பவர்" பேச்சில் நன்றாகச் செய்தால் சரி, விஷயம் இருக்கிறது. அப்படி ஒழுங்காக நடந்த ஆய்வுகள் விரல் விட்டு எண்ணும்படிதான் இருந்தன, அவற்றிலும் பல எதிர்மாறான முடிவைக் காட்டின. பிள்ளைகளுக்குப் பிடித்தது பிடிக்காதது உண்டு, யார் இல்லை என்றது? ஆனால் தமிழ்நாட்டு வரைபடத்தை யாராக இருந்தாலும் பார்த்துத்தான் படிக்க வேண்டும், மோகன ராகத்தைக் கேட்டுத்தான் பிடிக்க வேண்டும். எப்படிக் கற்பிப்பது என்பதைப் பெரும்பாலும் பாடமே சொல்லிவிடும்.

இனி அந்த "அப்படியே பொருந்துகிறது". 1948-ல் பெர்ட்ரம் ஃபோரர் என்ற அமெரிக்க உளவியலாளர் தன் மாணவர்கள் 39 பேருக்கு ஒரு குணநலத் தேர்வு வைத்தார். பிறகு ஒவ்வொருவருக்கும் தனித்தனியாக முடிவைக் கொடுத்து, எவ்வளவு பொருந்துகிறது என்று ஐந்துக்கு மதிப்பெண் போடச் சொன்னார். சராசரி 4.26 வந்தது. 39 பேருக்கும் அவர் கொடுத்தது ஒரே தாள்தான். வரிகளைப் பெரும்பாலும் கடையில் விற்கும் ஜோசியப் புத்தகத்திலிருந்து எடுத்திருந்தார். மென்மையான மனசும் கொஞ்சம் பிடிவாதமும் இல்லாத எட்டு வயதுப் பிள்ளையை நான் இன்னும் பார்க்கவில்லை.

வீட்டிலேயே சோதிக்கலாம். அதே மையத்தில் பார்த்த இன்னும் நாலைந்து பெற்றோர்களைப் பிடியுங்கள், ரிப்போர்ட்டுகளில் பெயரை மறைத்துக் கலைத்துப் போடுங்கள், ஒவ்வொருவரும் தன் பிள்ளையுடையது எது என்று எடுக்கட்டும். சரியாக எடுக்க முடிகிறதா பாருங்கள். அடுத்த முறை அவ்வளவு பணம் கையில் இருந்தால் கதைப் புத்தகம் வாங்கிக்கொடுங்கள்.

கேள்வி: கர்ப்ப காலத்தில் மொசார்ட் இசை கேட்டால் குழந்தை அறிவாளியாகப் பிறக்கும் என்கிறார்களே?
(வாசகி, ஈரோடு)

பதில்: அந்தப் பேச்சு கிளம்பியது 1993-ல் நேச்சர் இதழில் வந்த சின்னக் கட்டுரை ஒன்றிலிருந்து. அதில் கர்ப்பிணியும் இல்லை, குழந்தையும் இல்லை. 36 கல்லூரி மாணவர்கள் பத்து நிமிடம் மொசார்ட் கேட்டார்கள், உடனே கொடுத்த ஒருவகை வடிவப் புதிர்களைக் கொஞ்சம் நன்றாகப் போட்டார்கள், கால் மணி நேரத்துக்குள் அந்தப் பலனும் போய்விட்டது. கதை மட்டும் வளர்ந்துகொண்டே போய், 1998-ல் ஜார்ஜியா மாநில கவர்னர் பிறக்கும் குழந்தைகளுக்கெல்லாம் இசைத்தட்டு கொடுக்க 1,05,000 டாலர் ஒதுக்கச் சொல்லிக் கேட்டார். உங்களுக்கு இளையராஜா பிடிக்குமென்றால் இளையராஜாவையே கேளுங்கள், சந்தோஷமாக இருக்கும், அது போதாதா?

கேள்வி: உங்கள் பதில்களில் எப்போதும் ஜோதிடத்தை ஒரு குத்து குத்துகிறீர்கள். எங்கள் குடும்ப ஜோதிடர் என் மகளுக்கு 27 வயசுக்கு மேல்தான் திருமணம் என்றார், அப்படியே நடந்தது. கண்ணால் பார்த்ததை ஆதாரமில்லை என்கிறீர்களா?
(ஓய்வு பெற்ற வங்கி ஊழியர், திருநெல்வேலி)

பதில்: ஐயா, நீங்கள் பார்த்ததைப் பார்க்கவில்லை என்று நான் எப்படிச் சொல்வேன்? வங்கியில் இருந்தவர் என்பதால் கணக்காகவே பேசுவோம். நாலு கட்டம் போடுங்கள். சொன்னார், நடந்தது. சொன்னார், நடக்கவில்லை. சொல்லவில்லை, ஆனால் நடந்தது. சொல்லவுமில்லை, நடக்கவுமில்லை. நீங்கள் எழுதியிருப்பது முதல் கட்டத்தில் ஒரே ஒரு வரவு. அதே ஜோதிடர் இத்தனை வருஷத்தில் உங்கள் வீட்டுக்கும் சொந்தக்காரர்கள் வீட்டுக்கும் சொன்ன மற்றதெல்லாம் எந்தெந்தக் கட்டத்தில் விழும்? பலிக்காதது யாருக்கும் ஞாபகம் இருக்காது. பலித்ததைக் கல்யாண வீட்டில் நாலு பேரிடம் சொல்வோம், அதனால் அது மட்டும் மனதில் நிற்கும். படித்த பெண்களுக்கு இப்போது திருமணம் 27-க்கு மேல் தள்ளிப்போவது ரொம்ப சகஜம் என்பதையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நாலு கட்டத்தையும் நிரப்பிப் பார்த்த ஒருவர் நம் நாட்டிலேயே இருந்தார். வானியல் அறிஞர் ஜெயந்த் நார்லிகர். புனேயில் புள்ளியியல் பேராசிரியர் சுதாகர் குன்டே உள்ளிட்டவர்களோடு சேர்ந்து 2008-ல் இதைச் செய்தார். படிப்பில் கெட்டிக்காரக் குழந்தைகள் 100 பேர், மனவளர்ச்சி குன்றிய குழந்தைகள் 100 பேர், இவர்களுடைய பிறப்பு விவரங்களை வாங்கி ஜாதகம் கணித்தார்கள். ஜோதிடர்களை வெளிப்படையாக அழைத்து ஆளுக்கு 40 ஜாதகம் கொடுத்து, எது எந்தக் குழந்தையுடையது என்று பிரித்துச் சொல்லச் சொன்னார்கள். எது யாருடையது என்பது ஜோதிடர்களுக்குத் தெரியாது, பார்த்து ஊகிக்கக் குழந்தையும் எதிரில் இல்லை. 27 பேர் பதில் அனுப்பினார்கள். சராசரியாகச் சரியாக வந்தது 46 சதவீதம். காசைச் சுண்டிப் போட்டிருந்தால் 50 வந்திருக்கும். 40-க்கு 28 வந்தால் கவனிக்க வேண்டிய விஷயம் என்று வைத்திருந்தார்கள், அதிகபட்சமே 24-தான் வந்தது. ஒரு ஜோதிட நிறுவனம் 200 ஜாதகத்தையும் வாங்கிப் பார்த்து 102 சரியாகச் சொன்னது.

நீங்கள் கேட்கலாம், அது அறிவுத்திறனை மட்டும்தானே சோதித்தது, திருமணத்தை இல்லையே என்று. நியாயமான கேள்வி. திருமணத்துக்கும் இதே மாதிரி ஒன்று வைக்கலாம், தடை ஒன்றுமில்லை, யாராவது முன்வந்தால் நான் கூட நின்று கணக்கு எழுதித் தருகிறேன். மற்றபடி நல்ல நாள் பார்ப்பதோ பஞ்சாங்கம் வாங்குவதோ உங்கள் விருப்பம், அதில் நான் தலையிடுவதில்லை. செவ்வாய் தோஷம் என்ற ஒரு வார்த்தைக்காக ஒரு பெண்ணுக்கு வரும் வரனையெல்லாம் தட்டிவிடும்போதுதான் எனக்குக் கோபம் வருகிறது. அந்தக் குத்து தொடரும்.

கேள்வி: விஞ்ஞானிகளே நேற்று ஒன்று சொல்கிறார்கள், இன்று மாற்றிச் சொல்கிறார்கள். அவர்களை மட்டும் எப்படி நம்புவது?
(வாசகர், மதுரை)

பதில்: மாற்றியது எதனால் என்று பாருங்கள். நம் ஊரில் வயிறு எரிந்தாலே "நேரத்துக்குச் சாப்பிடாமல் அல்சர் வந்துவிட்டது" என்போம். டாக்டர்களும் ரொம்ப காலம் கவலை, காரம், அமிலம் என்றுதான் சொன்னார்கள். ஆஸ்திரேலியாவின் பெர்த் நகரில் ராபின் வாரன், பாரி மார்ஷல் என்ற இரண்டு மருத்துவர்கள், குடல்புண் நோயாளிகளின் வயிற்றில் வளைந்த பாக்டீரியா ஒன்று இருப்பதைக் கவனித்து, 1982-ல் அதை ஆய்வகத்தில் வளர்த்தும் காட்டினார்கள். அமிலத்தில் எந்தக் கிருமி பிழைக்கும் என்று பலர் ஏற்கவில்லை. மார்ஷல் 1984-ல் அந்தக் கிருமிக் கரைசலைத் தானே குடித்து, தன் வயிற்றில் அழற்சி வந்ததைக் காட்டினார்.

எல்லாரும் கதையை இங்கே நிறுத்திக் கைதட்டுவார்கள். ஆனால் ஒரு மனிதர் ஒரு தடவை குடித்ததால் விஷயம் முடிந்துவிடவில்லை, அவருக்கு வந்ததும் அழற்சிதான், புண் இல்லை. ஆன்டிபயாடிக் கொடுத்துக் கிருமியை ஒழித்த நோயாளிகளுக்குப் புண் திரும்ப வருவது வெகுவாகக் குறைந்தது, கொடுக்காதவர்களுக்குத் திரும்பத் திரும்ப வந்தது. பல இடங்களில் பல பேர் இதைச் செய்து பார்த்த பிறகுதான் உலகம் கருத்தை மாற்றியது, 2005-ல் நோபலும் வந்தது. இன்று அந்தக் கிருமியும், நீண்ட நாள் விழுங்கும் சிலவகை வலி மாத்திரைகளும்தான் முக்கியக் காரணங்கள் என்கிறார்கள். அப்படி மாறியதால்தான் வருஷக்கணக்கில் மாத்திரை சாப்பிட்டவர்கள் இரண்டு வாரச் சிகிச்சையில் குணமாகிறார்கள். "இன்றைய ஆய்வு சொல்கிறது, காபி நல்லது, நாளைய ஆய்வு, காபி கெட்டது" என்று பத்திரிகையில் வருவதோடு இதைக் குழப்பிக்கொள்ளாதீர்கள். அது பெரும்பாலும் ஒற்றை ஆய்வுக்குப் போட்ட பெரிய தலைப்பு.

கேள்வி: அப்பா குடும்ப வாட்ஸ்ஆப் குரூப்பில் தினமும் ஏதாவது அனுப்புகிறார். "யுனெஸ்கோ நம் தேசிய கீதத்தை உலகிலேயே சிறந்ததாக அறிவித்தது" என்பது இதுவரை எத்தனையோ தடவை வந்துவிட்டது. பொய் என்று ஆதாரத்தோடு போட்டால் இரண்டு நாள் பேசமாட்டார். என்ன செய்வது?
(கல்லூரி மாணவர், சென்னை)

பதில்: முதலில், குரூப்பில் திருத்தாதே. பெரியப்பா, அத்தை, மாமா எல்லாரும் பார்க்கும் இடத்தில் அப்பாவைத் தோற்கடித்தால் அவர் எப்படி ஒப்புக்கொள்வார்? அந்த யுனெஸ்கோ அறிவிப்பு நடக்கவே இல்லை, அவர்களே மறுத்திருக்கிறார்கள், ஆனாலும் வருஷா வருஷம் சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. சாப்பிடும்போது சாதாரணமாகக் கேள், "ஏம்ப்பா, எத்தனையோ நாடு இருக்கே, எப்படிப்பா தேர்ந்தெடுத்திருப்பாங்க? யார் நடுவர்? இரண்டாவது யாருக்கு?" கிண்டலாகக் கேட்காதே, நிஜமாகவே தெரிந்துகொள்ளக் கேள்.

யேல் பல்கலைக்கழகத்தில் ரோசன்பிளிட், கீல் என்ற இருவர் 2002-ல் வெளியிட்ட ஆய்வில், ஜிப், ஃப்ளஷ் டாய்லெட் மாதிரி சாதாரணப் பொருள்கள் எப்படி வேலை செய்கின்றன என்பது உங்களுக்கு எவ்வளவு தெரியும் என்று மதிப்பிடச் சொன்னார்கள். எல்லாரும் தாராளமாகப் போட்டுக்கொண்டார்கள். சரி, படிப்படியாக எழுதுங்கள் என்றதும் எழுத வரவில்லை, மறுபடி மதிப்பிடச் சொன்னபோது தாங்களே குறைத்துக்கொண்டார்கள். யாரும் அவர்களைத் திருத்தவில்லை. உன் அப்பாவுக்கும் அந்த வாய்ப்பைக் கொடு. கூடவே, உனக்குப் பிடித்த கட்சிக்கோ உனக்குப் பிடித்த நடிகருக்கோ சாதகமாக வருவதை நீ எத்தனை தடவை சரிபார்த்து அனுப்புகிறாய் என்பதையும் இந்த வாரம் கவனி.

கேள்வி: அரசுப் பள்ளியில் ஆறாம் வகுப்பு எடுக்கிறேன். அறிவியல் மனப்பான்மையை வளர்ப்பது குடிமகனின் கடமை என்று அரசியலமைப்பிலேயே இருக்கிறது. வாரம் ஒரு பீரியடைச் "சிந்தனை வகுப்பு" என்று தனியாக ஒதுக்கலாமா?
(ஆசிரியை, தஞ்சாவூர் மாவட்டம்)

பதில்: தாராளமாக ஒதுக்குங்கள் டீச்சர், ஆனால் அதை மட்டும் நம்பி இருக்க வேண்டாம். 1976-ல் 42-வது திருத்தத்தில் அந்தக் கடமையை எழுதிவைத்தார்கள், 51ஏ (எச்). அதற்கு இருபது வருஷம் கழித்து, 1996-ல், தண்ணீரில் மூலிகையைப் போட்டுக் காய்ச்சிப் பெட்ரோல் எடுக்கலாம் என்ற செய்தியை நம் மாநிலமே கொண்டாடியது. படித்தவர்கள் பலரும் நம்பினார்கள். அன்று சந்தேகப்படுவதற்கு வேண்டியிருந்தது பத்தாம் வகுப்பு வேதியியல்தான். பெட்ரோல் என்பது கார்பன் சேர்மங்கள், தண்ணீரில் கார்பன் இல்லை, ஒரு பிடி இலையில் இருக்கும் கார்பன் எத்தனை சொட்டுப் பெட்ரோலுக்கு வரும்? விஷயம் தெரியாமல் "எதையும் கேள்வி கேள்" என்று மட்டும் சொல்லிக்கொடுத்தால், பிள்ளைகள் தடுப்பூசியையும் கேள்வி கேட்பார்கள், பூமி உருண்டை என்பதையும் கேட்பார்கள், பதிலை எடைபோடத் தெரியாது. அதனால் சிந்தனை வகுப்பு அறிவியல் பீரியடிலும் வரலாறு பீரியடிலும் நடக்கட்டும்.

தனி பீரியட் கிடைத்தால் ஒரு விளையாட்டு சொல்கிறேன். லண்டனில் பீட்டர் வேசன் என்ற உளவியலாளர் 1960-ல் வெளியிட்டது. கரும்பலகையில் 2, 4, 6 என்று எழுதுங்கள். "இந்த மூன்று எண்ணும் ஒரு விதிப்படி இருக்கின்றன. நீங்கள் வேறு மூன்று எண் சொல்லுங்கள், விதிக்குப் பொருந்துகிறதா இல்லையா என்று மட்டும் சொல்வேன். நிச்சயம் என்று தோன்றும்போது விதியைச் சொல்லுங்கள்." பிள்ளைகள் 8, 10, 12 என்பார்கள். ஆம். 20, 22, 24. ஆம். 100, 102, 104. ஆம். "இரண்டிரண்டாகக் கூடுது மிஸ்!" என்று மொத்த வகுப்பும் கத்தும். இல்லை என்று சொல்லுங்கள். விதி, சின்னதிலிருந்து பெரிதாகப் போக வேண்டும், அவ்வளவுதான். 1, 7, 50-ம் சரி. வேசன் சோதித்த 29 பேரும் கல்லூரி மாணவர்கள், தவறான விதி எதையும் சொல்லாமல் நேரடியாகக் கண்டுபிடித்தவர்கள் ஆறே பேர். மற்றவர்கள் தங்கள் ஊகத்துக்கு "ஆம்" வரும் எண்களையே கேட்டுக்கொண்டிருந்தார்கள், ஒவ்வொரு ஆமுக்கும் நம்பிக்கை கூடியது.

விடையைச் சீக்கிரம் உடைத்துவிடாதீர்கள். பலகையில் "ஆம்", "இல்லை" என்று இரண்டு வரிசை போட்டு, கேட்ட எண்களையெல்லாம் எழுதிக்கொண்டே வாருங்கள், "இல்லை" வரிசை காலியாகவே கிடப்பதை அவர்களில் ஒருவர் கவனிக்கும் வரை காத்திருங்கள். 6, 4, 2 என்று வேண்டுமென்றே ஏடாகூடமாகக் கேட்கும் பிள்ளை ஒன்று கட்டாயம் இருக்கும், பெரும்பாலும் அது மார்க் வாங்கும் பிள்ளையாக இருக்காது. அன்றைக்கு அந்தப் பிள்ளைக்குக் கைதட்டச் சொல்லுங்கள். அடுத்த வாரம் விதியை ஒரு மாணவரே வைக்கட்டும், நீங்கள் பெஞ்சில் உட்கார்ந்து கண்டுபிடிக்கப் பாருங்கள். விதியைத் தாளில் எழுதி மடித்து மேஜை மேல் வைக்கச் சொல்லிவிட்டு ஆரம்பியுங்கள், இல்லையென்றால் நீங்கள் நெருங்கும் நேரத்தில் மாற்றிவிடுவார்கள்.